கத்தி படாத மூக்கு

நம் நாவல்களில் ஒரு பாத்திரம் உள்ளே நுழையும்போது அதன் மூக்கு அதற்கு ஓரடி முன்னால் வந்துவிடுகிறது. எடுப்பான நாசி என்றால் படித்தவன், ரோஷக்காரன். பெண் என்றால் அவளே கதாநாயகி. சப்பை மூக்கு என்றால் வேலைக்காரி, வண்டிக்காரன், அல்லது இன்னும் நாலு பக்கத்தில் நம்மைச் சிரிக்க வைக்கப்போகிறவன். கிளிமூக்கு வந்தால் பண விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுதுகிறவர் இதை யோசித்துச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் செய்கிறார் என்பதுதான் என் புகார். ஜாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூச்சப்படுகிற எழுத்தாளர்கூட மூக்கை வர்ணிக்கக் கூச்சப்படுவதில்லை. வாசகரும் புரிந்துகொண்டு விடுகிறார். கொடுக்கல் வாங்கல் ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசாமல் முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது, இலக்கியப் பத்திரிகையில் எழுதினால் நண்பர்கள் சிரிக்கக்கூடிய ஒரு கேள்வியில் போய் நின்றேன். அறுவை சிகிச்சை இல்லாமல் மூக்கின் வடிவத்தை மாற்ற முடியுமா? மாதர் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பகுதிக்கு உரிய கேள்வி. ஆனால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு கிளை எழும்பூர் வரைக்கும் வந்திருக்கிறது.

மூக்கு ஒருவனின் குணத்தைச் சொல்லும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். அது இருந்தால்தான் மாற்ற வேண்டும் என்ற ஆசை வரும். ஐரோப்பாவில் இந்த நம்பிக்கைக்குச் சாஸ்திர அந்தஸ்து கொடுத்தவர் ஸ்விட்ஸர்லாந்துப் பாதிரியார் லவாட்டர். 1775-லிருந்து 1778 வரை அவர் வெளியிட்ட முக சாஸ்திர நூல் நம் சாமுத்ரிகா லட்சணத்துக்கு மாமன் மகன் முறை. அது எவ்வளவு தூரம் ஊடுருவியது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1831-ல் பீகிள் கப்பலின் காப்டன் ஃபிட்ஸ்ராய் ஓர் இளைஞனைக் கூட அழைத்துப்போகத் தயங்கினார். அவர் லவாட்டரின் சிஷ்யர். இப்படி ஒரு மூக்கு வாய்த்தவனுக்கு இந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்பது அவர் சந்தேகம். அந்த இளைஞன் டார்வின். தன் சுயசரிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். 1848-ல் ஜார்ஜ் ஜாபெட் என்பவர் ஈடன் வார்விக் என்ற புனைபெயரில் மூக்குகளை வகைப்படுத்தி ஒரு புத்தகமே போட்டார். ரோமானிய மூக்கு, கிரேக்க மூக்கு, சிந்தனை மூக்கு, யூத மூக்கு, சப்பை மூக்கு, கடைசியாக வானம் பார்த்த மூக்கு. கிண்டலாகப் படித்தாலும் நிஜமாகப் படித்தாலும் ஒரே மாதிரி இருக்கிற புத்தகம் அது.

சாஸ்திரம் வந்துவிட்டால் பின்னாலேயே சாமானும் வந்துவிடும். 1870-களில் லண்டனில் அலெக்ஸ் ராஸ் என்பவர் 'மூக்கு இயந்திரம்' ஒன்றுக்கு விளம்பரம் செய்தார். தினம் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் மெல்லிய குருத்தெலும்பு சொன்னபடி கேட்கும் என்பது அவர் வாக்குறுதி. அமெரிக்காவில் 1868-லேயே வந்துவிட்ட லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலில், கடைக்குட்டி எமி தன் மூக்கு தூக்கலாக வரவேண்டும் என்று துணி உலர்த்தும் கிளிப்பை அதில் மாட்டிக்கொண்டு படுக்கிறாள். ஆல்காட் அந்தக் கிளிப்பின்மேல் எந்தத் தத்துவத்தையும் ஏற்றவில்லை. வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கைக்கு எட்டிய கருவி அது, அவ்வளவுதான். எமிக்கும் ராஸுக்கும் உள்ள வித்தியாசம் ராஸ் காசு வாங்கினார் என்பது மட்டுமே.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரத்திலிருந்து ட்ரைலெட்டி என்ற 'முக நிபுணர்' இதைப் பெரிய வியாபாரமாகவே நடத்தினார். அமெரிக்கச் சஞ்சிகைகளின் பின்பக்கங்களில் வருஷக்கணக்காக அவர் விளம்பரம் வந்தது. தலையைச் சுற்றிப் பட்டை, மூக்கின்மேல் உலோகக் கவசம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள். ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கலாம், பகல் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அந்த விளம்பரங்களைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அழகு என்று அவை அதிகம் பேசுவதில்லை. வாழ்க்கையில் உன் ஜெயமும் தோல்வியும் உன் தோற்றத்தைப் பொறுத்தது என்றுதான் பேசுகின்றன. இண்டர்வியூவுக்குப் போகிறவனை, கடன் கேட்டு மானேஜர் முன் உட்காருகிறவனை நோக்கிப் பேசுகின்றன. மூக்கைப் பார்த்துத்தான் உன்னை எடைபோடுகிறார்கள் என்ற பயத்தை அவை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பயத்துக்கு ஒரு திருகாணி விற்றன.

வேலை செய்ததா? இல்லை. மூக்கின் மேல் பாகம் எலும்பு. கீழ்ப் பாகம் குருத்தெலும்பு. அதற்கு மேல் தோல். குருத்தெலும்பை மடக்கினால் மடங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதுதான் அதன் தர்மம். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடி போட்டவருக்குத் தோலில் இரண்டு பள்ளம் மிஞ்சுகிறது, எலும்பு இருந்தபடியே இருக்கிறது. மூக்குக்குத் தேகப்பயிற்சி சொல்கிறவர்களும் உண்டு. மூக்கின் தசைகள் துவாரத்தை விரிக்கவும் சுருக்கவும் போதுமானவை; எலும்பைச் செதுக்கப் போதுமானவை அல்ல. பல்லைக் கம்பி கட்டி நகர்த்துகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல் எலும்பில் நேராக ஊன்றப்பட்டதல்ல. நடுவே ஒரு நார்ப்படலம் இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, மறு பக்கம் புதிதாக வளர்கிறது. மூக்கில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. வளரும் குழந்தைகளுக்கு மேல் அண்ணத்தைக் கருவி வைத்து அகலப்படுத்தும்போது மூக்கின் அடிப்பாகமும் சிறிது அகலும் என்பது உண்மை. ஆனால் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய யாரும் அகலமான மூக்கைக் கேட்கவில்லை.

ட்ராயர், மருந்து, கருவி எல்லாம் தள்ளிவிட்டாலும் ஒரு விதிவிலக்கு மிஞ்சுகிறது. அது சிசு.

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது நம் பாட்டிமார் இரண்டு விரலால் மூக்கை நீவி எடுத்துவிடுவார்கள். நெற்றியைத் தட்டுவார்கள், தலையை உருட்டுவார்கள். நவீனர்கள் இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டோம். முற்றிலும் அப்படி இல்லை. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் குழந்தையின் ரத்தத்தில் தாயின் ஈஸ்ட்ரோஜன் மிச்சம் இருக்கிறது. அதனால் குருத்தெலும்பு அப்போது அசாதாரணமாக இளகிக் கிடக்கிறது. ஜப்பானில் மாட்சுவோ என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் 1980-களில் இதைக் கொண்டு பச்சிளங் குழந்தைகளின் கோணலான காதுகளைக் கத்தியில்லாமல் திருத்தினார்கள். 1990-களில் நியூயார்க்கில் கிரேசனும் அவரது சகாக்களும் உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு, அண்ணத்தில் பொருத்தும் தகட்டிலிருந்து ஒரு சிறு தண்டை மூக்குத் துவாரத்துக்குள் ஏற்றி, சரிந்த மூக்கை நிமிர்த்தினார்கள். ஆக, கத்தி படாமல் மூக்கு மாறும். ஆனால் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்: பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ராப்பகலாக மாதக்கணக்கில் கருவி உள்ளேயே இருக்க வேண்டும், வாராவாரம் திருத்த வேண்டும், அப்புறமும் உதட்டுக்குக் கத்தி உண்டு. குளிக்கும் நேரத்தில் நாலு நிமிஷம் நீவுவது இதில் சேராது. பாட்டியின் கொள்கை சரி, அளவு போதாது. மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் மட்டும் நிஜமாகவே ஆபத்து. எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும்.

ஸ்டெர்னின் 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி'யைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் டாக்டர் ஸ்லாப் ஞாபகம் வந்திருப்பார். பிரசவத்தில் ஆயுதம் போட்டு இழுக்கும்போது டிரிஸ்ட்ரமின் மூக்கைச் சப்பையாக நசுக்கிவிட்டு, பிறகு வேலைக்காரி சூசன்னாவின் உள்கச்சிலிருந்து ஒரு திமிங்கில எலும்புத் துண்டை எடுத்துப் பஞ்சும் வைத்து மூக்குக்குப் பாலம் கட்டுகிறார். 1761-ல் வந்த பாகம் அது. கிரேசனின் தண்டுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்திய கேலிச்சித்திரம். அதே நாவலில் பிரெஞ்சு ரணவைத்தியர் அம்புரோஸ் பாரேயின் பெயரில் ஒரு கொள்கையும் வருகிறது: பால் கொடுக்கிறவளின் மார்பு மென்மையாக இருந்தால் மூக்கு அதில் அமிழ்ந்து நீளமாக வளரும், இறுகியிருந்தால் மோதிச் சப்பையாகும். டிரிஸ்ட்ரமின் தகப்பனாருக்குக் குடும்பத்தின் அதிருஷ்டமே மூக்கின் நீளத்தில் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காலத்தில் மூக்குக் குட்டையாக இருந்ததற்காகக் கல்யாணத்தில் பெண்ணுக்கு எழுதிவைக்க வேண்டிய சொத்து கூடிப்போயிற்று. ஸ்டெர்ன் சிரிப்பது மூக்கைப் பார்த்தல்ல, மூக்கின்மேல் ஒரு தத்துவத்தைக் கட்டுகிறவனைப் பார்த்து. நமக்கு இந்தச் சிரிப்பு வரவில்லை. நம் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் ஸ்டெர்னை நடத்துகிறபோதுகூட வரவில்லை.

வெளியிலிருந்து அழுத்தியது பலிக்காதபோது உள்ளே எதையாவது செலுத்தலாம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1899-ல் வியன்னாவில் கெர்சுனி என்ற ரணவைத்தியர் உருக்கிய வாஸலினை ஊசி வழியாகச் செலுத்தி இல்லாத சதையை இட்டு நிரப்பிக் காட்டினார். கொஞ்ச நாளில் பாரபின் மெழுகு வந்தது. முதலில் பறங்கிப் புண்ணால் உள்ளே அமிழ்ந்துபோன மூக்குகளுக்கு. பிறகு அப்படி எதுவும் இல்லாத, வெறுமனே பிடிக்காத மூக்குகளுக்கு. கத்தியில்லை, தழும்பில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் மெழுகு வைத்த இடத்தில் இருக்கவில்லை. சரிந்தது, கட்டியாகத் திரண்டது, தோலைச் சிவக்க வைத்தது. மூக்கில் மெழுகு ஏற்றியதால் ஒரு கண்ணின் பார்வை போன செய்தி 1903-லேயே மருத்துவப் பத்திரிகையில் வந்துவிட்டது.

கிளாடிஸ் டீகன் அந்தக் காலத்துப் பேரழகிகளில் ஒருத்தி, அமெரிக்கப் பெண், 1881-ல் பிறந்தவள். ப்ரூஸ்ட் அவளைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர். கிரேக்கச் சிலைகளில் நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரே கோடாக இறங்குகிறதே, அந்தக் கோட்டின்மேல் அவளுக்கு மோகம். இருபத்திரண்டு வயது வாக்கில் மூக்கின் மேட்டில் மெழுகு ஏற்றிக்கொண்டாள். மெழுகு காலப்போக்கில் இறங்கித் தாடைப் பக்கம் திரண்டது. 1921-ல் அவள் மார்ல்பரோ பிரபுவை மணந்து பிளெனிம் மாளிகைக்கு எஜமானியானாள். அந்தத் தோட்டத்தில் அவள் முகச் சாயலில் வார்த்த ஈய ஸ்பிங்ஸ்கள் இன்றும் இருக்கின்றன. அவள் கடைசிக் காலம் ஒரு மனநோய் மருத்துவமனையில் கழிந்தது. 1977 வரை இருந்தாள். இவளை அகங்காரத்துக்கு உதாரணமாகக் காட்டி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோரும் அழகு என்று ஒப்புக்கொண்ட முகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு பிழை தெரிந்திருக்கிறது. பிழையைக் காட்டிக்கொடுத்தது பளிங்கில் செய்த ஓர் அளவுகோல்.

இன்றைக்கு மெழுகின் இடத்தில் ஹையலுரானிக் அமிலம் வந்திருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் கரைக்க வேறொரு மருந்து உண்டு. இதனால் பள்ளத்தை நிரப்பலாம், மேட்டைக் குறைக்க முடியாது. மூக்கின்மேல் ஓடும் ரத்தக்குழாய்க்கும் கண்ணுக்குப் போகும் குழாய்க்கும் தொடர்பு இருப்பதால் ஊசி தப்பினால் பார்வை போகும். 1903-ல் நடந்த அதே விபத்து. மூக்கில் மாட்டும் கிளிப்புகளும் இன்னும் விற்கின்றன. ப்ளாஸ்டிக்கில், இளஞ்சிவப்பு நிறத்தில்.

அருணாசலப் பிரதேசத்து ஜீரோ பள்ளத்தாக்கின் அபதானிப் பெண்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். இரு நாசிப் பக்கங்களிலும் துளையிட்டு, அதில் அடைப்புகளைச் செருகி, வருஷக்கணக்கில் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். இந்த வழக்கம் 1970-களில் நின்றது. நாம் இதுவரை பார்த்த அத்தனை பேரிலும் தாம் நினைத்த வடிவத்தை அடைந்தவர்கள் இவர்கள் மட்டுமே. கிரேக்கச் சிலை எதுவும் இவர்களுக்கு முன்மாதிரியாக இல்லை.

இதுவரை சதையின் கதை. மூக்கை மாற்ற இன்னும் மூன்று வழிகள் உண்டு. அவற்றுக்கு ஊசியும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அவைதாம் முக்கியம்.

முதல் வழி எண். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியீடு. 70-க்குக் கீழே என்றால் ஒடுங்கிய மூக்கு, 85-க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். 1880-களில் வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஏறத்தாழ 6000 பேரை அளக்க ஏற்பாடு செய்தார். கிழக்கிந்தியாவில் ஒருவனின் சமூக அந்தஸ்து அவன் மூக்கின் அகலத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கிறது என்பது அவர் கண்ட விதி. அகலம் குறையக் குறைய ஜாதி உயரும். 1901 ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு இவரே கமிஷனர். ட்ரைலெட்டிக்கு மூக்கு மெழுகு மாதிரி இளக வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை. ரிஸ்லிக்கு மூக்கு இரும்பு மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டவணை இல்லை. இருவரும் கிட்டத்தட்டச் சமகாலத்தவர்கள். மூக்கு இருவர் பேச்சையும் கேட்கவில்லை. பிறக்கும்போது நம் எல்லோருக்கும் அகலமான, தாழ்ந்த மூக்குதான். வளர வளர உயர்ந்து பதினாறு பதினேழு வயதில் ஒரு நிலைக்கு வருகிறது. கிழப்பருவத்தில் நுனி தொய்ந்து இறங்குகிறது. ஒரே ஆளின் குறியீடு ஒரே ஆயுளில் நகர்ந்துகொண்டிருக்கிறது. தலைமுறைக் கணக்கில் பார்த்தால் சீதோஷ்ணமும் இதில் கை வைத்திருக்கிறது: குளிர்ந்த வறண்ட பிரதேசங்களில் மூக்கு ஒடுங்கியும், சூடான ஈரமான பிரதேசங்களில் அகன்றும் இருப்பதை 1923-ல் தாம்சனும் பக்ஸ்டனும் காட்டினார்கள்.

எங்கள் வங்கியில் ஓய்வூதியக்காரர்களின் பழைய படிவங்களில் அங்க அடையாளம் என்று ஒரு பத்தி உண்டு. வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்கையில் தழும்பு. மூக்கின் வடிவத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு குமாஸ்தாக்கள் ஒரு மூக்கைப் பற்றி ஒத்துப்போக மாட்டார்கள் என்று சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. அதே சர்க்கார்தான் ஜாதிகளை மூக்கால் வரிசைப்படுத்தப் பார்த்தது.

சென்னையில் இந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885-லிருந்து 1908 வரை எழும்பூர் அரசு மியூசியத்தின் தலைவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை இன்றும் நம்மவர்கள் புரட்டுகிறார்கள், சொந்த ஜாதி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும். நாசிக் குறியீட்டை எல்லோரும் பாராததுபோல் பார்த்துக்கொள்கிறார்கள். வயநாட்டுக்கு அவர் அளவு கருவிகளோடு போனபோது பணியப் பெண்கள் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்லவர்களாகப் பொறுக்கி, பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயந்தார்கள். தர்ஸ்டன் இதை ஹாஸ்யமாகவே எழுதியிருக்கிறார். ஏழு தொகுதிகளிலும் அளக்கப்படுகிறவர்கள் அளக்கிறவரைப் பற்றிச் சொன்ன மிகத் துல்லியமான கருத்து இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ரிஸ்லியின் விதியை 1932-ல் குர்யே அவருடைய எண்களைக் கொண்டே சோதித்தார். ஐக்கிய மாகாணத்தில் ஓரளவு பொருந்துகிறது. மற்ற இடங்களில் ஜாதிப் படிக்கட்டும் மூக்குப் படிக்கட்டும் சேரவில்லை. மஹலநோபிஸ் இன்னும் எளிமையான காரியம் செய்தார். ரிஸ்லியின் பதிவுகளை எடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பிழைகளைத் திருத்தி 1933-ல் 'சங்கியா' இதழில் வெளியிட்டார். நாள் முழுவதும் கூட்டல் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இந்தக் காரியத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை. ஒரு தேசத்தின் மூக்கைப் பற்றிய விதியை யாரோ உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்க்க நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது வழி கோடு. 1886-ல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ், அவரே யூதர், யூத மூக்கு என்பது எதில் இருக்கிறது என்று காட்ட ஒரு வித்தை செய்தார். நீண்ட வாலோடு 6 என்ற இலக்கத்தை எழுதச் சொன்னார். துவாரத்தின் சுழிப்பை எடுத்துவிட்டால் யூதக்களை பெருமளவு போய்விடுகிறது. கோட்டைப் படுக்கையாக இழுத்தால் முழுக்கவே மறைந்துவிடுகிறது. பேனாவால் செய்த சிகிச்சை. பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத ரணவைத்தியர் 1898-ல் ஒருவரின் மூக்கை நிஜமாகவே கத்தியால் குறைப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு அது. அந்த நோயாளிக்கு உடம்பில் வேறு கோளாறு இல்லை. அந்த மூக்கோடு தெருவில் நடக்கக் கூசினார். பிறகு 1911-ல் மாரிஸ் ஃபிஷ்பர்க் நியூயார்க்கில் 2836 யூத ஆண்களின் மூக்குகளைப் பார்த்த கணக்கை வெளியிட்டார். நூற்றுக்கு 57 பேருக்கு நேரான மூக்கு. வளைந்த மூக்கு நூற்றுக்கு 14 பேருக்கு. யூத மூக்கு யூதர்களின் முகத்தில் இருந்ததைவிடக் கேலிச்சித்திரக்காரர்களின் பேனாவில் அதிகமாக இருந்திருக்கிறது.

மூன்றாவது வழி இலக்கணம். ரிக்வேதம் ஐந்தாம் மண்டலத்தில் தஸ்யுக்களைக் குறித்து 'அனாஸ' என்று ஒரு சொல் வருகிறது. அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அ, நாஸ என்று பிரித்தால் மூக்கில்லாதவர்கள். அன், ஆஸ என்று பிரித்தால் வாயில்லாதவர்கள், அதாவது பேச்சற்றவர்கள், புரியாத பாஷை பேசுகிறவர்கள். பதினாலாம் நூற்றாண்டில் சாயணர் எடுத்துக்கொண்டது வாயை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் மூக்கை எடுத்துக்கொண்டார். ரிஸ்லி அதன்மேல் ஏறி நின்று, வேத காலத்திலேயே ஆரியன் எதிரியின் மூக்கைத்தான் கவனித்தான் என்று முடிவு கட்டினார். டிராட்மன் 1997-ல் இதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். எனக்கு இதில் தீராத ஆச்சரியம். ஒரு புணர்ச்சியை இப்படிப் பிரிப்பதா அப்படிப் பிரிப்பதா என்பதில் கோடிக்கணக்கான பேருடைய மூக்கு சப்பையாகிவிட்டது. சாயணர் வழியே போயிருந்தால் பேச்சு பாஷையைப் பற்றியதாக இருந்திருக்கும். சிலேடைக் கவிகளின் ஊரில் பிறந்த நமக்கு, ஒரு சொல்லை எங்கே வெட்டுகிறோம் என்பது விளையாட்டு என்றுதான் பழக்கம்.

பழைய தமிழ்க் கவிகள் மூக்கைக் குமிழம்பூ என்றார்கள், எள்ளுப்பூ என்றார்கள். அவர்கள் நிரபராதிகள் என்று சொல்ல வரவில்லை; சூர்ப்பணகையின் மூக்கு கம்பனிலும் போகத்தான் போகிறது. ஆனால் பூவுக்குக் குறியீட்டெண் கிடையாது. எள்ளுப்பூவைப் பார்த்து இது 70-க்குக் கீழா மேலா என்று யாரும் கேட்க முடியாது. நம் உரைநடையின் 'எடுப்பான', 'கூர்மையான', 'சப்பையான' எல்லாம் பக்கவாட்டில் நின்று அளக்கிற வார்த்தைகள். அவற்றின் பின்னால் ஓர் அட்டவணை மறைந்திருக்கிறது. ஜாதியை எதிர்த்து எழுதிய முற்போக்கு நாவல்களிலும் அந்த அட்டவணை அப்படியே இருப்பதுதான் விசேஷம். ஒடுக்கப்பட்டவனுக்குக் கதாநாயக அந்தஸ்து கொடுக்க நினைத்த ஆசிரியர் அவனுக்கு முதலில் எடுப்பான மூக்கைக் கொடுத்துவிடுகிறார். ட்ரைலெட்டி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அலமாரியில் கைக்கு அகப்பட்ட நாவல்களை எடுத்து, மூக்கு வருகிற வாக்கியங்களைப் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் எதுவும் குறையவில்லை. சில இடங்களில் அடிக்க முடியவில்லை. அங்கெல்லாம் பார்க்கிறவர் யார் என்று தெரிந்தது. ஓரிடத்தில் பெண் பார்க்க வந்திருக்கிற மாமியார். இன்னோரிடத்தில் மூக்குத்தியை அடகு வாங்கக் கை நீட்டிய கடைக்காரர், நகையைப் பார்க்கிற சாக்கில்.